குண்டின் கடைசி இரண்டு எண்கள்

ஊர்த்தலைவர் புன்லூத் போனில் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "ஏம்மா செங்தாவ், குண்டுல இருக்குற நம்பரை மூக்குப் பக்கத்துலேருந்து படிக்கணுமா, வால் பக்கத்துலேருந்து படிக்கணுமா?"

செங்தாவ் அப்போது பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். போர்க்காலத்தில் விழுந்து வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளைத் தேடி அழிப்பது அவள் உத்தியோகம். அதற்கென்று இருக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. குண்டைப் பற்றி அவளிடம் யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"எந்தக் குண்டு மாமா?"

"சும்மா, பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா யாராச்சும் குண்டைப் படிப்பாங்களா? எந்தக் குண்டுன்னு சொல்லுங்க."

புன்லூத்துக்குப் பின்னால் திருவிழாக் கூட்டம்போல் இரைச்சல். "தள்ளு, மறைக்காத" என்று ஒருவன் கத்தினான். கோழி இறைச்சி சுட்டு விற்கிற பெண் விலை கூவினாள். இத்தனை சத்தத்தையும் மிதித்துக்கொண்டு ஒரு குரல் மேலே வந்தது. "கரையிலேயே நில்லுங்கடா எல்லாரும்! இது என் குளம், என் குண்டு! கீழ எவனாவது கால வச்சான், காலை ஒடிச்சுடுவேன்!"

அது செங்தாவின் அம்மா பிம்பாவின் குரல். செங்தாவ் போட்டது போட்டபடி ஜீப்புக்கு ஓடினாள்.

ஜீப்பை ஓட்டியது அவளுடைய குழுவில் இருக்கும் தொங்வான். நல்ல பையன்தான், ஆனால் வழியெல்லாம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். "அக்கா, நாளைக்குச் சாயங்காலம் லாட்டரிக் குலுக்கல். அதான் கூட்டம்" என்றான்.

"எனக்குத் தெரியாதா?"

தெரியும். சியெங்குவாங் மாநிலத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். மரத்தில் மாடு முட்டினால் நம்பர். மாமியார் வழுக்கி விழுந்தால் நம்பர். பல்லிக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று, கனவில் வரும் பிணத்துக்குத் தனியாக ஒன்று. லாரி கவிழ்ந்தால் முதலில் ஓடி வருபவர்கள் அடிபட்டவனைத் தூக்கமாட்டார்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு தூக்குவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். குலுக்கல் நெருங்கினால் ஊரே இப்படித்தான் எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனை வருடமாகக் காடும் வயலும் குண்டுகளாய்க் கிடந்தும், அவற்றின் மேல் எண் பொறித்திருக்கிறது என்பது இவர்களுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது என்றால் அதுதான் ஆச்சரியம்.

குண்டுக்கு இங்கே யாரும் பயப்படுவதில்லை. குண்டுக்கூடுதான் வீட்டுக்குத் தூண், பன்றிக்குத் தொட்டி, வெங்காயத்தாளுக்குப் பாத்தி. கோயில் மணி என்று துறவிகள் அடிப்பது ஒரு குண்டின் மூக்கு. பக்கத்து ஊரில் குண்டு அலுமினியத்தை உருக்கிக் கரண்டி செய்கிறார்கள். அதை வாங்க வெளிநாட்டுப் பயணிகள் வந்து, தங்கள் நாட்டு விமானம் போட்டுவிட்டுப் போனதைக் காசு கொடுத்துத் திரும்ப எடுத்துப் போகிறார்கள். பட்டணத்துச் சாப்பாட்டுக் கடை வாசலில் காலிக் குண்டுகளை நிற்கவைத்து வண்ண விளக்கு சுற்றியிருக்கிறார்கள். புதுமணத் தம்பதி அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். காலிக் குண்டு எது, காலியாகாத குண்டு எது என்பதில்தான் சங்கடம். செங்தாவின் அப்பா தோட்டத்தில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டபோது கீழே இருந்தது கொய்யாப்பழ அளவில் பொம்பி என்கிற குட்டிக் குண்டு. அப்போது அவளுக்கு ஆறு வயது.

ஊர் எல்லையிலேயே ஜீப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தைச் சுற்றி ஊர் முழுக்க நின்றது. அந்தக் குளமும் ஒரு குண்டு தோண்டியதுதான். போர் முடிந்து குகையிலிருந்து திரும்பி வந்தவர்கள் பள்ளத்தில் மழைநீர் நிற்பதைப் பார்த்து மீன்குஞ்சை விட்டுவிட்டார்கள். புத்தாண்டுக்கு முன்னால் தண்ணீரை இறைத்து மீன் பிடிப்பது வழக்கம். இந்த வருடம் மழை குறைவு, மீனும் குறைவு, எனவே பிம்பா கொஞ்சம் ஆழமாகச் சேற்றை வாரச் சொல்லியிருக்கிறாள். குளத்தைத் தோண்டிய குண்டுக்குப் பின்னாலேயே அதன் தம்பியும் வந்து விழுந்து, வெடிக்காமல் சேற்றுக்குள் இத்தனை காலம் படுத்திருந்தது அப்போது தெரிந்திருக்கிறது.

செங்தாவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரைக்கு வந்தாள். கீழே பார்த்தாள்.

அம்மா குண்டின் மேல், சந்தைக்குப் போகும் டிராக்டரில் உட்காருவதுபோல் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கையில் வைக்கோல் சுருணை, இன்னொரு கையில் புளி. பித்தளைப் பாத்திரம் விளக்குவதுபோல் குண்டின் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. குண்டின் வால் இறக்கையில் ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தது. கயிறு சேற்றில் நீண்டு, கரையேறி, அம்மாவின் எருமையின் கழுத்தில் போய் முடிந்திருந்தது. எருமை ஈயை விரட்ட வாலை ஆட்டிக்கொண்டு, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் அசைபோட்டது.

"அடியாத்தீ" என்றான் தொங்வான்.

"வாயை மூடு. வண்டியைப் பத்திரமா திருப்பி நிறுத்து. நான் கூப்பிட்டா ஓடி வா" என்றாள் செங்தாவ்.

எருமை மிரண்டு ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், குண்டு புரளும். வாலில் இருக்கும் வெடிவிசை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் சரிவில் வழுக்கியபடி இறங்கி, சேற்றில் முழங்கால் புதைய நடந்து, இடுப்புக் கத்தியை எடுத்து, கயிற்றை வால் இறக்கைக்கு நான்கு விரல் தள்ளி மெதுவாக அறுத்தாள். கரையிலிருந்து புன்லூத் கையைக் குவித்துக் கூப்பிட்டார். "என்னம்மா, நம்பர் தெரியுதா?"

கயிறு அறுந்து சேற்றில் விழுந்தபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"ஏன்டி கயித்தை அறுக்கிற? புதுக் கயிறுடி!" என்றாள் அம்மா.

"இறங்கும்மா முதல்ல."

"என்னத்துக்கு? இத்தனை வருஷம் இது மேலதான் மீன் புடிச்சேன். அன்னிக்கெல்லாம் ஒண்ணும் ஆகல, இன்னிக்கு நீ யூனிபார்ம் போட்டுட்டு வந்தவுடனே வெடிச்சுருமா?"

செங்தாவ் குனிந்து வால் பக்கத்தைப் பார்த்தாள். விசை அப்படியே இருந்தது, லேசாக வளைந்து. அதற்கு ஒரு விரல் தள்ளி அம்மாவின் மண்வெட்டி பட்ட புதுக் கீறல் பளபளத்தது. ஒன்று அல்ல, நான்கைந்து கீறல்கள். வளைந்த விசையைக் கழற்ற முடியாது. இடத்திலேயே வைத்துத்தான் வெடிக்கவைக்க வேண்டும். அதற்கு முன் ஊரை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும்.

அவள் இடுப்பில் தொங்கிய சின்ன ஒலிபெருக்கி மைக்கை எடுத்து, சட்டப்படி என்ன சொல்லவேண்டுமோ அதை முதலில் சொன்னாள். "எல்லாரும் கவனிங்க. இந்தக் குண்டுக்கு உயிர் இருக்கு. உடனே எல்லாரும் இங்கேருந்து கிளம்பணும்."

ஒருவர்கூட அசையவில்லை. எருமை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"உயிர் இருந்தா நல்லதுதானே, நம்பர் பலிக்கும்!" என்றாள் கோழி சுடுகிறவள்.

"அவ சும்மா சொல்றா. நம்மளை எல்லாம் அனுப்பிட்டு அம்மாவும் மகளுமா பாத்துக்கப் போறாங்க."

"அதானே! நம்பரைச் சொல்லிட்டு அனுப்பு, போறோம்!"

செங்தாவ் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். இந்த ஜனங்களிடம் தொண்டை கிழியக் கத்துவது எருமை மேல் மழை பெய்த மாதிரிதான் என்று அவளுக்குத் தெரியும். பயமுறுத்தினால் இன்னும் நெருங்கி வருவார்கள், உயிரோடிருக்கிற குண்டைப் பார்த்தோம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாமே என்று. அவளுக்குப் படுகோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஒரு யோசனையும் வந்தது. அவள் மைக்கை மறுபடி வாயருகே கொண்டு போனாள்.

"சரி. நம்பரை நான் முழுசாப் படிச்சுட்டேன்."

குளக்கரையில் எல்லாரும் காதை நீட்டினார்கள்.

"ஆனா இங்க சொல்லமாட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானத்துல தொங்வான் வாசிப்பான். ஒரே ஒரு தடவைதான் வாசிப்பான். அங்க இருக்கறவங்களுக்கு மட்டும். லேட்டா வந்தவங்க என்கிட்ட வந்து அழக்கூடாது."

போர்க்காலத்தில் விமானச் சத்தம் கேட்டுக்கூட இந்த ஊர் இப்படி ஓடியிருக்காது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புன்லூத் ஊர்த்தலைவர் என்பதை மறந்து மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் மூன்றாவது ஆளாகத் தொற்றிக்கொண்டார். கோழி சுடுகிறவள் அடுப்பைத் தீயோடு தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனாள். கட்டிலில் கிடந்து எழுந்திருக்க முடியாது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த ஒரு கிழவர், வேலியைத் தாண்டிக் குறுக்கு வழியில் போனார். யாரோ எருமையையும் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள்.

தொங்வான் கரையிலிருந்து கையை விரித்தான். "அக்கா, நான் என்ன நம்பரை வாசிக்க?"

"நம்ம ஜீப் நம்பரை வாசிடா! ஓடு! மத்தவங்களையும் கூட்டிட்டுப் போ. எல்லாத் தலையும் அங்க வந்துருச்சான்னு பாத்துட்டு வாக்கி-டாக்கியில சொல்லு."

கரை காலியாயிற்று. ஒற்றைச் செருப்புகள், கரும்புச் சக்கை, மிதிபட்ட ஒரு தொப்பி மட்டும் மிச்சம். செங்தாவ் திரும்பினாள். அம்மா குண்டின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். புளியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு மகளையே பார்த்தாள்.

"ஏன்டி, நான் காலையிலேருந்து தேய்ச்சு நாலு நம்பர்தான் பாத்திருக்கேன். கடைசி ரெண்டு இன்னும் சேத்துக்குள்ள, அடிப்பக்கத்துல இருக்கு. நீ எப்போ முழுசாப் படிச்ச?"

"படிக்கல."

"பொய் சொன்னியா? ஊருக்கு முன்னாடி? மைக்குல?"

"ஆமா. வா போலாம்."

"நீ போ. நான் வரல." பிம்பா சேற்றில் கிடந்த மண்வெட்டியை எட்டி எடுத்தாள். "ஒரு பக்கம் கொஞ்சம் பறிச்சா போதும், தானே புரளும். எருமையைத்தான் கெடுத்துட்ட."

செங்தாவ் மண்வெட்டியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "உனக்கு என்ன பைத்தியமா? இதோ பாரு, இந்தக் கீறலைப் பாரு. இதெல்லாம் நீ போட்டது. இன்னும் ஒரு விரக்கடை தள்ளிப் போட்டிருந்தா நீயும் இல்ல, அந்த எருமையும் இல்ல, கரையில நின்ன பிள்ளைங்களும் இல்ல! அப்பா போனது மறந்து போச்சா உனக்கு?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது. பிம்பாவின் முகம் சுருங்கியது. அவள் ஊரில் யாரிடமும் வாய்க்குத் தோற்றவள் அல்ல. இப்போது கையிலிருந்த புளியைப் பார்த்தபடியே பேசினாள்.

"நானா மறந்தேன்? அன்னிக்கு மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக் குடுத்து அனுப்புனதே நான்தான். வெங்காயம் நடணும்னு சொன்னதும் நான்தான். உங்கப்பன் ஒருதடவைதான் போட்டாரு. ஊருல எல்லாருக்கும் குண்டு தூணாச்சு, தொட்டியாச்சு. அந்தப் புன்லூத் வீட்டுல நாலு தூணு. எனக்கு என்ன குடுத்துச்சு? மேலேருந்து அத்தனை கொட்டுனானுங்களே, அதுல ஒண்ணே ஒண்ணாவது எனக்கு நல்லது பண்ணக்கூடாதா?"

"அதுக்கு லாட்டரியா?"

"ஆமா, லாட்டரிதான். விழுந்துச்சுன்னா முதல்ல உன் வேலையை விடச் சொல்லுவேன். ரோட்டோரமா உனக்கு ஒரு நூடுல்ஸ் கடை போட்டுக் குடுப்பேன். உக்காந்து சம்பாதி, எவன் கூடவாவது சண்டை போடு, என்னமோ பண்ணு. தினம் காலையில நீ குண்டைத் தேடிப் போற. போன் அடிச்சா நீயா இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் எடுக்குறேன், தெரியுமா? எவளாவது வந்து 'பிம்பா, உம் பொண்ணு'ன்னு ஆரம்பிப்பாளோன்னு ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அதான் இது கிடைச்சதும் சாமியா பாத்துக் குடுத்ததுன்னு நெனச்சேன்."

மகளைக் குண்டிடமிருந்து காப்பாற்ற ஒரு தாய் குண்டின் மேலேறி உட்கார்ந்திருக்கிறாள். செங்தாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவளுக்கு அம்மா மேல் இத்தனை பாசம் வந்து வெகுகாலமாயிற்று. ஆனால் பாசத்தால் பிம்பாவை அங்குலம் நகர்த்த முடியாது, ஆணையாலும் முடியாது. வேறு ஒன்றால்தான் முடியும்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "அக்கா, எல்லாரும் வந்துட்டாங்க. நம்பரை வாசிச்சுட்டேன். சீட்டு விக்கிற சொம்சி அக்காவைச் சுத்தி அடிதடி. அம்மா மட்டும்தான் பாக்கி."

"நானும்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டு செங்தாவ் அதை அணைத்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். மார்புக் கவசத்தையும் கழற்றிச் சேற்றில் வைத்தாள். பிறகு குண்டின் மறுமுனையில், வளைந்த விசையின் பக்கத்திலேயே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி பண்ற?"

"நீ வரலைன்னா நான் மட்டும் போய் என்ன பண்ண? உக்காருவோம். புகையிலை வச்சிருக்கியா?"

"விளையாடாத. எந்திரி."

"ஏம்மா, அதான் ஒண்ணும் ஆகாதுன்னியே. இத்தனை வருஷம் இது மேலதான் மீன் புடிச்சேன்னு. உனக்கு ஆகலைன்னா எனக்கும் ஆகாது." செங்தாவ் காலை நீட்டினாள். காலணி விசையின் மேல் லேசாக உரசுவதுபோல் பட்டும் படாமலும் நின்றது.

பிம்பா எழுந்தாள். அவ்வளவு நேரம் பித்தளைக் குடம்போல் கிடந்த அந்தப் பொருள், அவள் கண்ணெதிரே குண்டாகிவிட்டது. "காலை எடுடி... ஐயோ, காலை எடுடீ! அது குண்டுடி, பாவி!"

"இப்பத் தெரிஞ்சுதா?"

புளி போனது, சுருணை போனது. பிம்பா சேற்றில் விழுந்து எழுந்து பாய்ந்து வந்தாள். மாநிலத்தில் எங்கே குண்டு கிடந்தாலும் அரசாங்கம் மரியாதையோடு கூப்பிட்டனுப்பும் அந்தப் பெண்ணின் காதைப் பிடித்துத் திருகினாள். "எந்திரி! எந்திரி சனியனே! உன்னைப் பெத்த வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டவா வந்த? நட!" காதை விடாமலே சரிவில் ஏற்றினாள். குளக்கரையில், வெங்காயப் பாத்தி வழியாக, வீட்டைத் தாண்டி, மலையடிவாரம் வரை இழுத்துக்கொண்டே போனாள். வழியெல்லாம் திட்டினாள், வழியெல்லாம் அழுதாள். செங்தாவுக்குக் காது எரிந்தது. அந்த எரிச்சலைப்போல் சுகமான ஒன்றை அவள் அனுபவித்ததே இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் சந்தேகம் முளைத்திருந்தது. கட்டிலில் கிடந்த கிழவர்தான் முதலில் கேட்டார். "வாசிச்ச நம்பரு அந்த ஜீப்புல எழுதியிருக்குற மாதிரியே இருக்கே?" எல்லாரும் ஜீப்பைப் பார்த்தார்கள். தொங்வான் வானத்தைப் பார்த்தான். கூட்டம் மெல்ல இரைய ஆரம்பித்தது, நான்கைந்து பேர் குளத்துப் பக்கம் திரும்பியும்விட்டார்கள்.

அப்போதுதான் பிம்பா, உடம்பெல்லாம் சேறும் ஒரு கையில் மகளின் காதுமாக வந்து சேர்ந்தாள்.

"பிம்பா அக்கா, நீயே சொல்லு. நீதானே தேய்ச்ச? பையன் வாசிச்ச நம்பரு சரிதானா?" என்றார் புன்லூத்.

செங்தாவ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்த்த நான்கு எண்களில் ஒன்றுகூட ஜீப்பின் எண்ணில் கிடையாது. ஊரில் பிம்பாவைப் பற்றி எத்தனையோ சொல்வார்கள். ஆனால் லாட்டரி விஷயத்தில் பொய் சொன்னாள் என்று எவரும் சொன்னதில்லை.

"சரிதான். நானே புளி போட்டுத் தேய்ச்சுப் பாத்தேன். ஜீப்புலயும் அதே நம்பர் இருந்தா அது இன்னும் விசேஷம்தானே? வாங்கறவன் வாங்கு, வாங்காதவன் போ" என்றாள் பிம்பா. திரும்பியவர்கள் திரும்பி வந்தார்கள். சொம்சியின் சீட்டு மொத்தமும் தீர்ந்தது.

செங்தாவும் குழுவும் திரும்பிப் போய் மணல்மூட்டை அடுக்கி, அந்தி சாய்வதற்குள் வேலையை முடித்தார்கள். சத்தம் மலையைத் தாண்டி வந்து பள்ளிக்கூடத்து ஓட்டை உலுக்கியது. குழந்தைகள் கை தட்டினார்கள். கிழவர்கள் கை தட்டவில்லை. அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், யாரும் சொல்லாமலே, தரையில் குந்தித் தலையைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து ஒருவரையொருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் குலுக்கலில் ஒரு பயலுக்கும் ஒன்றும் விழவில்லை. ஊர் திரண்டு பிம்பாவின் வாசலுக்கு வந்தது. "கண்ணு தெரியாத கிழவி, நம்பரைத் தப்பாத் தேய்ச்சுட்டா!" "தானா வெடிக்கவே துப்பில்லாத குண்டு, அதோட நம்பரை நம்பினோம் பாரு!" பிம்பா எல்லா வசவையும் வாங்கிக்கொண்டாள். மகள் பெயரை மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரவிடவில்லை. கடைசியில் எதிர்த்துத் திட்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகு கூட்டம் அதிக நேரம் நிற்கவில்லை.

அடுத்த நாள் காலை செங்தாவ் வேலைக்குப் புறப்பட்டபோது அம்மா வழிமறித்தாள். கையில் மீன் அள்ளும் கைவலை. வலைக்குள் ஓர் அவித்த முட்டை, ஒரு உருண்டை சோறு, வெள்ளை நூல்.

"குளத்துக்கு வா. உன் உசிரு அங்கயே நின்னுட்டிருக்கும். அள்ளிட்டு வரணும்."

பயந்த இடத்தில் உயிர் உடம்பைவிட்டு இறங்கி நின்றுவிடும். அதை வலையால் அள்ளி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டில் நூல் கட்டி நிறுத்தவேண்டும். இந்த ஊரில் குழந்தை மரத்திலிருந்து விழுந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

"நான் ஒண்ணும் பயப்படலம்மா."

"நீ பயப்படல. அது பயந்திருக்கும். உன்னைவிட அதுக்குப் புத்தி அதிகம்."

குளம் முன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. வெங்காயப் பாத்தி முழுக்கச் சேறு. பிம்பா பள்ளத்தின் விளிம்பில் நின்று அதை அளவெடுப்பதுபோல் பார்த்தாள். "அடுத்த வருஷம் நிறைய மீன் விடலாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏன்டி, அந்தக் கடைசி ரெண்டு நம்பர்... மூட்டை அடுக்கும்போது பாத்தியா?"

"பாத்தேன். நாப்பத்தெட்டு."

பிம்பா விரல்விட்டுப் பார்த்தாள். குலுக்கலில் வந்தது பதிமூன்று. "சீ! அப்ப அந்தச் சனியன் பொய்தான் சொல்லியிருக்கும். நல்லவேளை, வாங்கல." அவளுக்கு மனது லேசாகிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"அடுத்த குலுக்கலுக்கு வாங்குவியா?"

"வாங்காம? நூடுல்ஸ் கடை வேணாமா?" என்றவள், வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் மேல் காற்றில் வீசி அள்ளினாள். குரல் மாறிவிட்டது. செங்தாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் கேட்ட பழைய குரல் அது.

"வாடி கண்ணு, வா. சேத்துல நிக்காத, வா. மரவள்ளித் தோட்டத்துல நின்னாலும் வா, மலைமேல நின்னாலும் வா. சோறு வச்சிருக்கேன், முட்டை வச்சிருக்கேன், வந்துரு..."

மறுபடி வீசினாள், மறுபடி அள்ளினாள். மூன்றாவது தடவை வலை காற்றில் பாதியிலேயே நின்றது. பிம்பா பழைய தோட்டம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழியில உங்கப்பனைப் பாத்தா நிக்காதடி. அந்த மனுஷன் பேசிட்டே இருப்பாரு, விடமாட்டாரு. நான் அப்புறமா வரேன்னு சொன்னேன்னு மட்டும் சொல்லிட்டு, நீ வந்துரு."

வலையை அணைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். "வந்துருச்சு. கனக்குது பாரு" என்றாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் செங்தாவ் கையை நீட்டினாள். அம்மா வெள்ளை நூலை மணிக்கட்டில் சுற்றி, முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி போட்டாள். ஜீப்பில் தொங்வான் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், செங்தாவ் போகவில்லை.